99.8 சதவீதம் சரியாகச் சொல்லும் மாடல் ஒரு மோசடியையும் பிடிக்காதது ஏன்?

வாசகர் கேள்வி: 3 மார்ச் 2025, மாலை 6.20

கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகக் தரவுத்தொகுப்புகளைப் பகிரும் கேகிள் தளத்தில் கிடைக்கும் ஐரோப்பியக் கிரெடிட் கார்டு தரவுத்தொகுப்பை எடுத்திருக்கிறேன். மொத்தம் 2,84,807 பரிவர்த்தனைகள் உள்ளன. அவற்றில் மோசடியைக் கண்டுபிடிக்க நான் பயிற்றுவித்த கணினி மாடலின் துல்லியம் 99.8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இதையே யுபிஐ மோசடிகளைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்று அறிக்கையில் எழுதலாமா?

3 மார்ச் 2025, இரவு 9.45

எழுதாதீர்கள். அந்தத் தொகுப்பில் மோசடி என்று குறிக்கப்பட்டவை 492 மட்டுமே, அதாவது நூற்றுக்கு 0.172. எல்லா வரிகளுக்கும் (ஒரு வரி என்பது ஒரு பரிவர்த்தனை) "மோசடி இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லும் ஒரு கணினி நிரல்கூட 99.83 சதவீதம் சரியாக இருக்கும். உங்கள் மாடல் அதைவிட எவ்வளவு மேலானது என்பதை அந்தத் துல்லிய எண் சொல்லாது. 492 மோசடிகளில் எத்தனையைப் பிடித்தது என்பதும் (ரீகால்), அது எச்சரித்தவற்றில் உண்மையான மோசடி எத்தனை என்பதும் (பிரிசிஷன்) தெரிந்தால்தான் பேச முடியும். அந்த இரண்டு எண்களையும் இங்கே இடுங்கள்.

மோசடி வரிகள் இவ்வளவு குறைவாக இருப்பதால், ஸ்மோட் முறையில் செயற்கையான மோசடி வரிகளை உருவாக்கிச் சேர்த்துப் பயிற்றுவித்துப் பாருங்கள்.

4 மார்ச் 2025, காலை 7.10

நேற்று இரவு நான் தந்த கடைசி அறிவுரை அரைகுறையானது. அதை அப்படியே பின்பற்றினால் தவறான முடிவுதான் கிடைக்கும் என்பதால் திருத்துகிறேன். 2002இல் நிதேஷ் சாவ்லாவும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ஸ்மோட் முறை, இருக்கிற மோசடி வரிகளில் அருகருகே உள்ளவற்றுக்கு இடையில் புதிய வரிகளைப் புனைகிறது. தரவை மாடலின் பயிற்சிக்கும், பிறகு அதைச் சோதிக்கும் தேர்வுக்கும் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால், தேர்வுக்கு வரவேண்டிய ஒரு மோசடியின் சாயல் பயிற்சிப் பக்கத்திலும் போய் அமர்ந்துவிடும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தேர்வெழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. மாணவர் திட்டப்பணிகளில் ரீகால் 99 சதவீதம் என்று படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது இந்தப் பிழையைத்தான். முதலில் பிரியுங்கள், பிறகு பயிற்சிப் பகுதியில் மட்டும் பெருக்குங்கள், தேர்வுப் பகுதியைத் தொடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. மோசடி வரிகளைப் பெருக்கிப் பயிற்றுவித்த மாடல் ஒரு பரிவர்த்தனைக்கு 0.8 என்று மதிப்பெண் தந்தால், அதை 80 சதவீத வாய்ப்பு என்று படிக்கக் கூடாது. மோசடி பாதிக்குப் பாதி நடக்கும் ஓர் உலகத்தை நீங்கள் அதற்குக் காட்டியிருக்கிறீர்கள், அது அந்த உலகத்தின் வாய்ப்பைத்தான் சொல்கிறது. வரிசைப்படுத்த அந்த எண் போதும். ஆனால் ஒரு வரம்பு வைத்துப் பரிவர்த்தனையை நிறுத்துவதென்றால், உண்மையான விகிதத்துக்கு ஏற்ப அதைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

4 மார்ச் 2025, பிற்பகல் 1.30

சொல்ல மறந்தது: அந்தத் தொகுப்பில் 1,081 வரிகள் வேறு வரிகளின் அச்சு நகல்கள். அவற்றை நீக்கினால் 2,83,726 வரிகள் மிஞ்சும், மோசடி 473 ஆகக் குறையும். நகல்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று தேர்விலும் விழுந்தால் மேலே சொன்ன பிழையே வேறு வாசல் வழியாக நுழைகிறது.

9 மார்ச் 2025, இரவு 10.05

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியான யுபிஐக்கு இப்போது வருகிறேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அதற்குச் சுருக்கமான பதில் கிடையாது.

நீங்கள் வைத்திருக்கும் தொகுப்பு 2013 செப்டம்பரில் இரண்டே நாட்களில் ஐரோப்பியக் கார்டுகளில் நடந்த செலவுகள். பிரஸ்ஸல்ஸின் யுஎல்பி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் வேர்ல்டுலைன் நிறுவனமும் சேர்ந்து திரட்டியது. வாடிக்கையாளர்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக, நேரம், தொகை ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா விவரங்களையும் கணித முறையில் உருமாற்றி வி1 முதல் வி28 வரை பெயரிட்டுத் தந்திருக்கிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் அதன் விளைவாகக் கார்டு எண் இல்லை, கடை இல்லை, ஊர் இல்லை. ஒவ்வொரு வரியும் தாய் தந்தை தெரியாத வரியாக நிற்கிறது. எந்த இரண்டு செலவுகள் ஒரே மனிதருடையவை என்று உங்களால் கூற இயலாது.

பணம் செலுத்தும் சேவை நிறுவனம் ஒன்றின் பரிவர்த்தனைக் கண்காணிப்புப் பிரிவில் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். அங்கே நான் கற்ற முதல் பாடமே, தனித்த ஒரு பரிவர்த்தனையில் மோசடி என்று எழுதி ஒட்டியிருக்காது என்பதுதான். 18,000 ரூபாய் என்பது ஒரு தொகை, அவ்வளவுதான். மாதம் முழுவதும் பால், காய்கறி, பேருந்து என்று 300 ரூபாய்க்குள் அனுப்பிக்கொண்டிருந்தவர், இதுவரை பணம் அனுப்பியே இராத ஒருவருக்கு, நேற்று மாற்றிய கைபேசியிலிருந்து, பத்து நிமிடத்தில் மூன்றாவது முறையாக அனுப்பும் 18,000 என்று சொல்லும்போதுதான் அது ஒரு செய்தியாகிறது. வழக்கமான செலவின் இடைமதிப்பைப்போல் எத்தனை மடங்கு, பெறுபவர் புதியவரா, கருவி புதியதா, கடைசிப் பரிவர்த்தனைக்குப் பின் கழிந்த நேரம் என்ன என்பன போன்ற, வரலாற்றிலிருந்து பிழிந்தெடுத்த நிரல்களே (தரவு அட்டவணையின் நெடுவரிசைகளே) மாடலுக்கு உணவு. எந்தக் கணிப்பு முறை, எக்ஸ்ஜிபூஸ்டா ரேண்டம் ஃபாரஸ்டா என்ற விவாதம் அதற்குப் பிறகு வருவது.

இதற்கு நல்ல சான்று 2019இல் கேகிளில் நடந்த ஐஇஇஇ-சிஐஎஸ் என்ற மோசடி கண்டறியும் போட்டி. வெஸ்டா நிறுவனம் தந்த தரவில் பயிற்சிக்கு 5,90,540 பரிவர்த்தனைகள் இருந்தன, அவற்றில் சுமார் 3.5 சதவீதம் மோசடி. அதிலும் வாடிக்கையாளர் எண் கிடையாது. முதலிடம் பெற்ற கிறிஸ் டியோட்டும் கான்ஸ்டன்டின் யாகோவ்லெவும் அந்த எண்ணைத் தாங்களே மீட்டெடுத்தார்கள். டி1 என்ற நிரல், ஒரு கார்டு புழக்கத்துக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்பதைக் குறிக்கிறது என ஊகித்து, பரிவர்த்தனை நாளிலிருந்து அதைக் கழித்தார்கள். விடை ஒரே கார்டுக்கு என்றும் மாறாது. அதனுடன் கார்டு விவரத்தையும் முகவரிக் குறியீட்டையும் சேர்த்தபோது, சிதறிக் கிடந்த வரிகள் மனிதர்களாகத் திரண்டன. அதன்பின் அந்த மனிதரின் சராசரிகளைக் கணக்கிட்டு மாடலுக்குத் தந்தார்கள்.

10 மார்ச் 2025, காலை 8.00

இன்னொரு வாசகர், பேசிம் தொகுப்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறார். அதில் கணக்கு எண் உண்டு, 63,62,620 வரிகளும் உண்டு. ஆனால் அவை கைபேசிப் பணச் சேவையைப் பார்த்து உருவாக்கிய செயற்கைத் தரவு. 8,213 மோசடிகளும் பணமாற்றம், பணமெடுப்பு என்ற இரண்டு வகைகளில் மட்டுமே வருகின்றன. பெரிய தொகையைக் கொடியிட்டுக் காட்டும் விதி மொத்தத்தில் 16 வரிகளைத்தான் காட்டுகிறது. மோசடி என்று கண்டவை ரத்து செய்யப்படுவதால், முன்னும் பின்னும் உள்ள இருப்புத்தொகை நிரல்களே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றைப் பயன்படுத்தாமல் செய்வதானால் பயிற்சிக்கு நல்லது.

21 மார்ச் 2025, இரவு 11.20

ஒன்பதாம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். வரலாறு இருந்தால் பிடித்துவிடலாம் என்ற தொனி அதில் வந்துவிட்டது. என் குடும்பத்திலேயே நடந்த ஒன்று அதை மறுக்கிறது.

சென்ற ஆண்டு என் சித்தப்பாவுக்கு இரவு ஒன்பதரை மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர், சித்தப்பாவின் மகனோடு வேலை செய்பவர் என்று சொல்லி, அவன் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருப்பதாகவும் முன்பணம் கட்டினால்தான் சேர்ப்பார்கள் என்றும் அழுதுகொண்டே கூறியிருக்கிறார். சித்தப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் இருமுறை சரிபார்ப்பவர். அன்று மகனின் கைபேசி எடுக்கப்படவில்லை. இரண்டு தவணையாக 49,000 ரூபாய் அனுப்பிவிட்டார்.

பரிவர்த்தனைத் தரவில் இது எப்படிப் பதிவாகும் என்று யோசியுங்கள். அவருடைய கைபேசி, அவருடைய சிம், அவருடைய வீடு, அவர் விரலால் அழுத்திய பின் எண். திருடியவர் எதையும் உடைக்கவில்லை. பரிவர்த்தனைப் பதிவுக்குப் பொத்தானை அழுத்தியவர் யார் என்று தெரியும், என்ன நம்பி அழுத்தினார் என்று தெரியாது. நீங்கள் வைத்திருக்கும் ஐரோப்பியத் தொகுப்பைப் போலக் கார்டைத் திருடி வேறொருவர் செலவழிக்கும் மோசடியில் நடத்தை மாறும், ஏனென்றால் ஆளே மாறுகிறார். இங்கே ஆள் மாறவில்லை. இந்தியாவில் இணையவழிக் கார்டு செலவுக்குக் கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. யுபிஐ 2016இல் வந்தபோதே கைபேசிப் பிணைப்பும் பின் எண்ணும் அதன் அடித்தளத்தில் இருந்தன. பூட்டு வலுவாக இருப்பதால்தான் வீட்டுக்காரரையே திறக்க வைக்கிறார்கள்.

23 மார்ச் 2025, மாலை 5.15

"இரவு, புதிய பெறுநர், வழக்கத்தைவிடப் பெரிய தொகை என்று மூன்றும் சேர்ந்தால் நிறுத்தும் விதி ஒன்று இருந்திருந்தால் உங்கள் சித்தப்பா தப்பியிருப்பாரே" என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பியிருப்பார். அந்த விதியை 2022இல் நானே எழுதியிருக்கிறேன். அது என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

விதி நடைமுறைக்கு வந்த மூன்றாம் வாரம், ஒரு பெண்மணியின் பரிவர்த்தனை இரவு பத்தேகாலுக்கு நின்றது. தொகை 35,000, இதற்கு முன் பணம் அனுப்பியிராத எண். மறுநாள் புகார்ப் பதிவைப் படித்தபோதுதான் விவரம் தெரிந்தது. அவருடைய அம்மாவை மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோன அண்ணனிடம் பணமில்லை. அண்ணனின் கணக்கு வேலை செய்யாததால் அண்ணியின் எண்ணுக்கு அனுப்ப முயன்றிருக்கிறார். நாற்பது நிமிடம் போராடி, பக்கத்து வீட்டாரிடம் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். அம்மா பிழைத்தார் என்று பதிவின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரி இல்லாமலும் இருந்திருக்கலாம் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

சித்தப்பாவின் பரிவர்த்தனையையும் அந்தப் பெண்மணியின் பரிவர்த்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அனுப்புபவர் பக்கத்தில் நீங்கள் கணக்கிடும் எல்லா நிரல்களிலும் இரண்டும் ஒன்றுதான். எந்த மாடலாலும் இரண்டையும் பிரிக்க முடியாது, ஏனென்றால் பிரிப்பதற்கான தகவலே அந்தப் பக்கத்தில் இல்லை.

பெறுபவர் பக்கத்தில் இருந்தது. சித்தப்பாவின் பணம் போன கணக்கு தொடங்கப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்ததாகப் பின்னர் தெரிந்தது. அன்று ஒரே நாளில் பல ஊர்களிலிருந்து ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள் அதற்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். வந்த பணம் சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போயிருந்தது. அண்ணியின் கணக்கோ பல ஆண்டுகளாகச் சம்பளமும் மளிகையும் ஓடிய கணக்கு.

24 மார்ச் 2025, காலை 6.50

நேற்று எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். புதிய கணக்கு, பலரிடமிருந்து பணம் என்ற இரண்டை மட்டும் பார்த்தால், போன வாரம் திறந்த தேநீர்க் கடையின் கியூஆர் கோடும் அதேபோலத்தான் தோன்றும். கடையையும் வாடகைக் கணக்கையும் (மோசடிப் பணத்தைக் கைமாற்றப் பயன்படுத்தும் பிறரின் கணக்கு) பிரிப்பது பணம் வருகிற விதத்தைவிட, அது தங்கும் நேரம். தேநீர்க் கடைக்குப் பத்தும் இருபதுமாக வரும், மாலைவரை தங்கும், பால்காரருக்கும் சர்க்கரைக் கடைக்கும் போகும். வாடகைக் கணக்கில் பணம் உட்காராது. வந்த தொகையில் எத்தனை பங்கு முதல் முப்பது நிமிடத்துக்குள் வெளியேறியது என்ற ஒரே நிரல், நான் பார்த்தவற்றில் மிகப் பயனுள்ளது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்பது அடுத்தது. தேநீர்க் கடைக்குத் திரும்ப வருவார்கள்.

சிக்கல் என்னவென்றால், அனுப்புபவரின் வங்கிக்கு இந்த நிரல்கள் தெரியாது. பெறுபவரின் வங்கி தன் கணக்கை மட்டும் பார்க்கும். பரிவர்த்தனைகளின் முழு வலையும் யுபிஐயை நடத்தும், நடுவில் இருக்கும் என்பிசிஐக்கே தெரியும். ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கி, 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட மியூல்ஹண்டர்.ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி, பணம் பெறும் கணக்குகளையே குறிவைக்கிறது என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

6 ஏப்ரல் 2025, இரவு 8.40

எச்சரிக்கைகளின் எண்ணிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் பரிவர்த்தனைகள், உங்கள் தொகுப்பின் விகிதத்தில் 172 மோசடிகள் என்று கொள்வோம். மாடல் 90 சதவீத மோசடியைப் பிடிக்கிறது, நல்லவற்றில் 1 சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. பிடிபட்டவை 155, தவறாகச் சந்தேகிக்கப்பட்டவை 998. ஏழெட்டு எச்சரிக்கைகளில் ஒன்றே ஒன்று உண்மை. இதுவே சமாளிக்கக்கூடிய நிலைதான்.

7 ஏப்ரல் 2025, காலை 7.30

"சமாளிக்கக்கூடிய நிலை" என்று எழுதியது தவறு. 0.172 சதவீதத்தை நான் உங்கள் தொகுப்பிலிருந்து எடுத்து, கேள்வி கேட்காமல் எல்லா இடத்துக்கும் பொருத்திவிட்டேன். பத்தாயிரத்தில் ஒன்றுதான் மோசடி என்று வைத்துப் பாருங்கள். ஒரு லட்சத்தில் பத்து மோசடி, ஒன்பது பிடிபடும், ஆயிரம் அப்பாவிகளும் உடன் மாட்டுவார்கள். நூறு எச்சரிக்கைகளில் உண்மை ஒன்றுகூட நிறையாது. ஒரு எச்சரிக்கையைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் என்றால் இருபதுக்கு மேற்பட்டவர்கள் நாள் முழுக்க அதையே பார்க்க வேண்டும். மாடல் மாறவில்லை, மோசடி எவ்வளவு அரிது என்பது மட்டுமே மாறியது. அந்தப் பெண்மணி அந்த ஆயிரத்தில் ஒருவர்.

ஆகவே சந்தேகம் வந்தவுடன் நிறுத்துவது என்ற ஒரே செயலோடு நின்றுவிடக் கூடாது. "இந்தப் பெறுநரின் கணக்கு தொடங்கி ஒன்பது நாள்தான் ஆகிறது" என்று திரையில் தமிழில் ஒரு வரி காட்டியிருந்தால் சித்தப்பா நிதானித்திருப்பார் என்று நான் நம்புகிறேன். அண்ணிக்கு அனுப்பிய பெண்மணியின் திரையில் அந்த வரி தோன்றியே இருக்காது.

18 மே 2025, மாலை 4.00

லேபிள்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் இந்த இழையில் மிக முக்கியமானது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். "மோசடி = 1" என்ற நிரலை யார் நிரப்புகிறார்கள்? பாதிக்கப்பட்டவர் புகார் செய்தால்தான் அது நிரம்புகிறது. வெஸ்டா தரவில் 120 நாட்கள் கடந்தும் புகார் வராதவற்றையே நல்லவை என்று குறித்தார்கள். அப்படியானால் நேற்றைய தரவில் இருக்கும் பூஜ்யங்களுக்கு "இன்னும் தெரியாது" என்பதே பொருள். அவற்றை நல்லவை என்று மாடலுக்குக் கற்பித்தால், புதிதாகக் கிளம்பிய மோசடி வகையை நல்லது என்றே அது கற்றுக்கொள்ளும்.

வங்கி, வாடிக்கையாளர் இருவர் பக்கமும் குறையில்லாத நேர்வில், மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை கூறியது. சித்தப்பாவைப் போலத் தாமே பின் எண்ணை அழுத்தியவர்களுக்கு அந்த நிழல் எளிதில் கிடைப்பதில்லை. பணம் திரும்பாது என்று தெரிந்தால், வெட்கமும் சேர்ந்துகொண்டால், புகாரே வராது. எங்கள் வீட்டில் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வைக்கவே இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளும் அவருடைய பரிவர்த்தனை எங்கோ ஒரு பயிற்சித் தரவில் பூஜ்யமாக இருந்தது.

மாடல் நிறுத்திவைத்த பரிவர்த்தனைகளின் உண்மை நமக்குத் தெரிய வழியே இல்லை என்பதும் இதன் மறுபக்கம். நிறுத்தியவற்றையெல்லாம் மோசடி என்றே குறித்துக்கொண்டு மறுபயிற்சி தரும் வழக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மாடல் தன் சந்தேகத்தையே தனக்குச் சான்றாக்கிக்கொள்கிறது.

4 அக்டோபர் 2025, காலை 9.10

யுபிஐயில் தனிநபர்களுக்கிடையேயான கலெக்ட் ரிக்வெஸ்ட், அதாவது பணம் கேட்டு விண்ணப்பிக்கும் வசதி, 1 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. பணம் வரப்போகிறது என்று நம்பவைத்துப் பின் எண்ணை அழுத்தவைக்கும் மோசடிக்கு அது வாசலாக இருந்தது. மக்களுக்கு நல்ல செய்தி. மாடலுக்கோ, கோரிக்கை வழிப் பரிவர்த்தனை என்ற நிரல் ஒரே இரவில் வெறுமையாகிவிட்டது. அதில் கற்றதை வைத்துக்கொண்டு பழைய வரம்பிலேயே ஓடினால், மோசடி குறைந்துவிட்டதுபோல் ஒரு தோற்றம் கிடைக்கும். ஏமாற்றுபவர்கள் கியூஆர் கோடுக்கோ நேரடி அழைப்புக்கோ நகர்ந்திருப்பார்கள். காலவரிசைப்படி பிரித்து, பழைய மாதங்களில் பயிற்றுவித்துப் புதிய மாதங்களில் தேர்வு வைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். உங்கள் இரண்டு நாள் தொகுப்பில் அதற்கு இடமில்லை.

11 அக்டோபர் 2025, இரவு 9.00

நகல்களை நீக்கி, பிரித்த பிறகே பெருக்கி, மறுபடி ஓட்டியதில் ரீகால் 79 சதவீதமாக இறங்கிவிட்டது, வழிகாட்டி ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த 79ஐ அப்படியே எழுதுங்கள், முன்பு வந்த எண்ணையும் அது ஏன் தவறு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். யுபிஐ பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டு, தவறிப்போன மோசடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தொகை வாரியாக ஓர் அட்டவணை போடுங்கள். சிறு தொகைகளாக இருந்தால், பெரிய செலவுக்கு முன் கார்டு வேலை செய்கிறதா என்று திருடர் சோதித்துப் பார்த்தவையாக இருக்கலாம். கார்டு எண் இல்லாமல் அதை உறுதிசெய்ய முடியாது, ஆனாலும் அந்த அட்டவணையைப் பார்க்க நான் ஆவலாக இருக்கிறேன்.